கடை எண்ணிக்கை சொல்லாத கணக்கு

2020 ஜனவரி இறுதியில், ஸாரா கடைகளை நடத்தும் ஸ்பெயினின் இண்டிடெக்ஸ் குழுமத்துக்கு உலகம் முழுவதும் 7,469 கடைகள் இருந்தன. அந்த நிதியாண்டின் விற்பனை ஏறத்தாழ 2,830 கோடி யூரோ. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி இறுதியில், கடைகள் 5,563 ஆகக் குறைந்திருந்தன. விற்பனையோ 3,860 கோடி யூரோவைத் தொட்டிருந்தது. கடைகளில் ஏறத்தாழ 1,900 குறைந்தன, விற்பனையில் ஆயிரம் கோடி யூரோ கூடியது.

இணையத்தில் விற்றதுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இணைய விற்பனையைத் தனியே கழித்துவிட்டுப் பார்த்தாலும், எஞ்சிய கடைகள் முன்பிருந்த எல்லாக் கடைகளையும்விட அதிகமாகவே விற்றிருக்கின்றன. விலைவாசி உயர்வுக்கும் இதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. அப்படியிருந்தும், இந்த இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் நடப்பது நின்று யோசிக்க வேண்டிய விஷயம். ஏனென்றால் ஒரு ஃபேஷன் நிறுவனம் வளர்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நமக்கு முதலில் சொல்லப்படுவது கடைகளின் எண்ணிக்கைதான். இத்தனை நாடுகள், இத்தனை ஊர்கள், இந்த ஆண்டு இத்தனை புதுக் கடைகள். படிப்பவருக்கும் அது எளிதில் பிடிபடும்.

ஆடைக் கடைச் சங்கிலிகள் எழுந்ததையும் விழுந்ததையும் வரிசையாகப் பார்த்தால், அவற்றின் விதியை முடிவு செய்தது வேறொன்று என்று தெரியும். விற்காமல் நின்றுபோன சரக்கு. அது எவ்வளவு, எங்கே இருக்கிறது, யார் தலையில் இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் மையக் கேள்வி. கடை திறப்பது, மூடுவது, கடன் வாங்குவது, தள்ளுபடி போடுவது எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன.

ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம். பெரிய சங்கிலிகள் பல, அடுத்தவர் சரக்கை வாங்கி விற்ற ஒற்றைக் கடையாகத்தான் பிறந்தன. 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஃபிஷரும் அவர் மனைவி டோரிஸும் தொடங்கிய கேப் (Gap) என்ற கடையில் இருந்தவை லீவைஸ் ஜீன்ஸும் இசைத்தட்டுகளும்தான். எல்லா அளவுகளிலும் ஜீன்ஸ் கிடைக்கும் என்பதுதான் அதன் ஈர்ப்பு. லீவைஸ் விற்பதை கேப் முழுவதுமாக நிறுத்தியது 1991இல். அதற்குள் தன் பெயர் தாங்கிய ஆடைகளை மட்டுமே விற்கும் நிறுவனமாக அது மாறியிருந்தது. சிங்கப்பூரில் 1996இல் காலணிக் கடை திறந்த சகோதரர்கள் சார்ல்ஸ் வோங், கீத் வோங் கதையும் இதே வழிதான். மொத்த வியாபாரியிடம் வாங்கி அடுக்கினார்கள். அதே செருப்பு பக்கத்துக் கடையிலும் இருந்தது. ஒரே பொருள் இரண்டு கடையில் இருந்தால் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. தாங்களே வடிவமைக்கத் தொடங்கிய பிறகுதான் சார்ல்ஸ் அண்ட் கீத் என்ற பெயருக்கு ஒரு பொருள் வந்தது. 2011இல் பிரான்சின் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்எச்சின் ஆதரவு பெற்ற ஒரு முதலீட்டு நிதி அதில் 20 சதவீதப் பங்கை வாங்கியது.

சொந்தச் சரக்கு என்றால் நடுவில் இருப்பவரின் லாபமும் நமக்கே வரும். எல்லோரும் சொல்லும் காரணம் இது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் சுமையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அடுத்தவர் சரக்கு விற்காவிட்டால் அடுத்த முறை குறைத்து வாங்கலாம், சில சமயம் திருப்பியும் கொடுக்கலாம். சொந்தமாகத் தைத்தது விற்காவிட்டால் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. நூல் வாங்கியதிலிருந்து கடைசிப் பொத்தான் வரை எல்லா முடிவும் நம்முடையது, நஷ்டமும் நம்முடையது.

இந்தச் சுமை எவ்வளவு பெரியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 40க்கு வாங்கி 100க்கு விற்கும் சட்டை ஒன்று. பத்துச் சட்டை வாங்கினால் செலவு 400. ஆறு முழு விலைக்குப் போய், மீதி நான்கு பாதி விலைக்குப் போனால் கைக்கு வருவது 800. ஒன்பது முழு விலைக்கும் ஒன்று மட்டும் பாதி விலைக்கும் போனால் 950. கடை வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 380 என்று வையுங்கள். முதல் கடைக்கு மிஞ்சுவது 20. இரண்டாவது கடைக்கு 170. இரண்டு கடையிலும் அதே சட்டை, அதே விலை, அதே வாடகை, விற்றதும் அதே பத்துதான். மூன்றே மூன்று சட்டைகள் தள்ளுபடிக்குப் போகாமல் தப்பியதால் லாபம் எட்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. தள்ளுபடிப் பலகையை வாடிக்கையாளர் கொண்டாட்டமாகப் பார்க்கலாம். கடைக்காரருக்கு அது கணிப்பு தவறியதற்குக் கட்டும் அபராதம்.

ஆடையில் இந்தக் கணிப்பு ஏன் இவ்வளவு கடினம்? நிறமும் பாணியும் மாறுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை அளவு. ஒரே டிசைன் சட்டை ஆறு அளவுகளில், நான்கு நிறங்களில் வந்தால் 24 வகை ஆகிவிடுகிறது. 500 கடைகள் உள்ள சங்கிலி, வகைக்கு இரண்டே இரண்டு வைத்தாலும் 24,000 சட்டைகள் வேண்டும். அதுவும் ஒரு டிசைனுக்கு மட்டும். இரண்டு வாரத்தில் நடுத்தர அளவுகள் தீர்ந்துபோகும், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் தொங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் இதை 'செட் உடைந்துவிட்டது' என்பார்கள். செட் உடைந்த சட்டை கடையில் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். கேட்பவருக்கு வேண்டிய அளவு அந்தக் கடையில் இருக்காது, வேறு ஊர்க் கடையில் இருக்கும்.

ஆக்சஸரி என்று சொல்கிறோமே, கைப்பை, பெல்ட், காதணி, ஸ்கார்ஃப், கண்ணாடி, தொப்பி, இவற்றின் இடம் இங்கேதான் தெளிவாகிறது. பார்ப்பவருக்கு இவை ஆடைக்குத் துணையாக ஓரத்தில் தொங்கும் சில்லறைப் பொருட்கள். கணக்குப் பிள்ளைக்கு அப்படி இல்லை. கைப்பைக்கு அளவு கிடையாது. நான்கு நிறம், நிறத்துக்கு இரண்டு என்றால் 500 கடைகளுக்கு 4,000 பை போதும். சட்டைக்கு வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு. உடை மாற்றிப் பார்க்கும் அறை தேவையில்லை, அதற்கு வரிசையில் நிற்பதும் இல்லை. 'உடம்புக்குப் பொருந்தவில்லை' என்று திரும்பி வராது. ஒரு சுவரில் நூற்றுக்கணக்கான காதணிகளை மாட்டலாம், அதே சுவரில் கோட்டு மாட்டினால் சில டஜன்தான் மாட்ட முடியும். வாடகை சதுர அடிக்குத்தான் என்பதால் இது பெரிய வித்தியாசம். பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால், வேறெதற்கோ வந்தவரும் எடுத்துப்போவார்.

அதனால்தான் ஆடைச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக ஆக்சஸரிப் பக்கம் நகர்ந்தன. ஆக்சஸரி மட்டுமே விற்கும் சங்கிலிகளும் தனியே வளர்ந்தன. அமெரிக்காவின் கிளேர்ஸ், சிறுமிகளுக்கான காதணி, தலைக்கிளிப், வளையல்களை வைத்து மால்களில் சின்னச் சின்னக் கடைகளாகப் பரவியது. காது குத்துவதைக் கடைக்குள்ளேயே கொண்டுவந்தது அதன் பெரிய புத்திசாலித்தனம். இதுவரை பத்துக் கோடிக்கும் மேல் காது குத்தியிருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. வேறெந்த விளம்பரமும் ஒரு குழந்தையையும் அதன் தாயையும் அப்படிக் கடைக்குள் கூட்டிவராது. டென்மார்க்கின் பண்டோரா 2000இல் ஒரு வெள்ளி வளையலைக் கொண்டுவந்தது. அதில் கோர்க்கும் சின்னச் சின்ன மணிகளைத் தனித்தனியே வாங்கலாம். ஒருமுறை வளையல் வாங்கியவருக்குப் பரிசு கொடுப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் மணி வாங்கினார்கள். இந்த இரண்டு நிறுவனங்களும் பிறகு எப்படி அடிபட்டன என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அளவும் நிறமும் பாணியும் சேர்ந்து உண்டாக்கும் இந்தக் குழப்பத்துக்கு உலகில் இரண்டு பெரிய விடைகள் கிடைத்திருக்கின்றன என்பது என் கருத்து. ஒன்று ஸ்பெயினிலிருந்து, இன்னொன்று ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள லா கொருன்யாவில், ரயில்வே தொழிலாளியின் மகனான அமான்சியோ ஒர்ட்டேகா பதின்ம வயதிலேயே ஒரு சட்டைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1963இல் வீட்டில் அணியும் அங்கிகளைத் தைக்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுக்களாக அதற்குத் தைத்துக் கொடுத்தார்கள். முதல் ஸாரா கடை 1975இல் வந்தது. கடை வருவதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் தைப்பவராக இருந்தார் என்பதுதான் இதில் முக்கியம். மற்றவர்கள் கடையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனார்கள். இவர் தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வந்தார். அதனால் கடையை அவர் விற்கும் இடமாக மட்டும் பார்க்கவில்லை, கேட்கும் இடமாகவும் பார்த்தார்.

அந்த ஏற்பாடு நடக்கும் விதம் இது. கடை மேலாளர் வாரத்துக்கு இரண்டு முறை சரக்கு கேட்கிறார். எது போனது, எது நின்றது என்பதோடு, வாடிக்கையாளர் எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏன் வைத்துவிட்டார் என்பதும் தலைமையகத்துக்குப் போகிறது. அங்கே டிசைனரும் கொள்முதல் செய்பவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். துணியின் ஒரு பகுதியைச் சாயம் போடாமல் வைத்திருப்பதால், எந்த நிறம் ஓடுகிறதோ அதைக் கடைசி நேரத்தில் முடிவு செய்யலாம். பாணி சட்டென்று மாறும் ஆடைகள் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே தைக்கப்படுகின்றன. தையல் கூலி அங்கே ஆசியாவைவிட அதிகம். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பே ஆர்டர் கொடுத்துக் கப்பலில் வரவழைப்பவர் ஆறு மாதத்துக்குப் பிறகு மக்கள் எதை விரும்புவார்கள் என்று ஊகிக்க வேண்டும். சில வாரத்தில் தைத்து வாங்குபவர் இப்போது எதை விரும்புகிறார்கள் என்று பார்த்தால் போதும். மேலே சொன்ன கணக்கில் மூன்று சட்டை தப்பியது நினைவிருக்கும். கூலியில் கூடுதலாகக் கொடுத்ததை அந்த மூன்று சட்டையில் திருப்பி எடுத்துவிடலாம்.

குறைவாகத் தைப்பதால் சில சமயம் சரக்கு தீர்ந்துபோகும். அதை ஸாரா குறையாக எடுத்துக்கொள்வதில்லை. இன்று வாங்காவிட்டால் அடுத்த வாரம் இருக்காது என்று வாடிக்கையாளர் பழகிக்கொள்கிறார். அடிக்கடி வந்து பார்க்கிறார், தள்ளுபடிக்குக் காத்திருப்பதில்லை. விளம்பரத்துக்கு மிகக் குறைவாகச் செலவிடும் நிறுவனம் அந்தப் பணத்தை நகரின் முக்கியத் தெருவில் கடை எடுக்கப் போடுகிறது.

ஜப்பானின் யுனிக்ளோ போன வழியே வேறு. 1984இல் ஹிரோஷிமாவில் தடாஷி யனாய் திறந்த அந்தக் கடை, பாணியைத் துரத்துவதில்லை என்று முடிவெடுத்தது. டிசைன்கள் குறைவு. ஒவ்வொன்றும் பெருமளவில், மாதக்கணக்கில் முன்கூட்டியே தைக்கப்படும். துணியிலேயே புதுமை செய்ய டோரே என்ற இழை நிறுவனத்தோடு கூட்டு. 1998இல் டோக்கியோவின் ஹராஜுகு கடையில் 1,900 யென்னுக்கு விற்ற, ஃபிளீஸ் என்ற கதகதப்பான துணியில் தைத்த மேலாடை அதன் புகழுக்கு அடித்தளம். அந்தப் பருவத்தில் 20 லட்சம் விற்றது, அடுத்ததில் 85 லட்சம், அதற்கடுத்ததில் 2.6 கோடி. இங்கே தப்பிக்கும் வழி எளிது. வெள்ளை டி-ஷர்ட்டும் கறுப்புக் காலுறையும் அடுத்த ஆண்டும் வெள்ளையும் கறுப்பும்தான். நின்றுபோனாலும் பழசாகாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஃபேஷன் சரக்கை வைத்துக்கொண்டு நீண்ட காலம் முன்னதாக ஆர்டர் கொடுப்பவர்கள். 5,000 கடைகள் அளவுக்கு வளர்ந்திருந்த ஸ்வீடனின் எச் அண்ட் எம், 2018இல் ஏறத்தாழ 430 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு கையில் நிற்பதாக அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கடை திறந்த வேகம் அதுவரை நன்றாகத்தான் இருந்தது. கடைக்கு உள்ளே நடந்ததை அந்த வேகம் மறைத்திருந்தது.

அந்த மறைப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலீட்டாளர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். 100 கடைகள், கடைக்கு 100 விற்பனை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10,000. அடுத்த ஆண்டு 30 புதுக் கடைகள் திறக்கிறார்கள், அவை 3,000 கொண்டுவருகின்றன. அதே நேரத்தில் பழைய கடை ஒவ்வொன்றும் 100லிருந்து 90க்கு இறங்கிவிட்டது, ஆக 9,000. மொத்தம் 12,000. செய்திக் குறிப்பில் '20 சதவீத வளர்ச்சி' என்று வரும். உள்ளே ஒவ்வொரு பழைய கடையும் பத்து சதவீதம் தேய்ந்துகொண்டிருக்கிறது. புதுக் கடை திறப்பதை நிறுத்தும் ஆண்டில்தான் இது வெளியே தெரியும். அதனால் நிறுத்தவே பயப்படுவார்கள். ஓராண்டுக்கு மேலான கடைகளின் விற்பனையை மட்டும் தனியே ஒப்பிடும் கணக்கு இதற்காகத்தான் வந்தது. அந்த எண்ணைச் சொல்லாமல் கடை எண்ணிக்கையை மட்டும் சொல்லும் அறிக்கையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஃபாரெவர் 21 இந்த வலையில் முழுதாக விழுந்தது. 1984இல், கொரியாவிலிருந்து குடியேறிய டோ வான் சாங், ஜின் சூக் சாங் தம்பதி லாஸ் ஏஞ்சலிஸில் 900 சதுர அடியில் தொடங்கிய கடை அது. சில தசாப்தங்களில் ஒரு கடையின் சராசரிப் பரப்பே 38,000 சதுர அடியைத் தொட்டது. ஏழு நாடுகளிலிருந்து 47 நாடுகளுக்கு ஆறு ஆண்டுகளுக்குள் போனோம், அதனால் வந்த சிக்கல் ஏராளம் என்று குடும்பத்தினரே பிறகு சொன்னார்கள். பெரிய கடைக்குப் பெரிய அளவில் சரக்கு வேண்டும். காலியாக விட முடியாது என்பதற்காகவே அடுக்குகளை நிரப்ப வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. கைமாறி, 2025 மார்ச்சில் அதன் அமெரிக்க நிறுவனம் மீண்டும் கேட்டது. இந்த முறை அமெரிக்கக் கடைகளுக்கு மூடுவிழா.

மூடுவது அவ்வளவு எளிதா என்றால், இல்லை. கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பல ஆண்டுகளுக்குப் போடப்படுவது. விற்பனை பாதியானாலும் வாடகை பாதியாவதில்லை. நீண்ட கால வாடகைக் கடப்பாடு உண்மையில் கடன்தான், ஆனால் அது பல காலம் ஏட்டில் கடனாகத் தெரியவில்லை. 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிதான் அதை ஐந்தொகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த ஆண்டு பல சங்கிலிகளின் கணக்கில் கடன் திடீரென்று வீங்கியது போலத் தெரிந்தது. புதிதாக எவரும் கடன் வாங்கவில்லை. முன்பே இருந்ததை அப்போதுதான் எழுதினார்கள்.

தவறான வளர்ச்சியிலிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. யுனிக்ளோ 2001இல் இங்கிலாந்துக்குப் போனது, விறுவிறுவென 21 கடைகள் திறந்தது. பெயரையே கேள்விப்படாத மக்களிடம் சாதாரண டி-ஷர்ட்டை விற்க முடியவில்லை. 2003க்குள் ஐந்து கடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட்டது. பிறகு 2006இல் நியூயார்க்கிலும் 2007இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் பெரிய முதன்மைக் கடையை நிலைநிறுத்தி, பெயர் ஊன்றிய பிறகே மற்றவற்றுக்குப் போனது. ஒப்புக்கொண்டு பின்வாங்கிய அந்த நிதானத்தை மதிக்கிறேன்.

இதுவரை சரக்கின் சுமை நிறுவனத்தின் தலையில் இருந்ததைப் பார்த்தோம். அதை வேறொருவர் தலைக்கு மாற்றும் வழிகளும் உண்டு. வேகமாக வளர்ந்த சங்கிலிகள் பலவும் அந்த வழியைத்தான் எடுத்தன.

1965இல் இத்தாலியில் நான்கு உடன்பிறப்புகள் தொடங்கிய பெனட்டன் இதில் முன்னோடி. பின்னி முடித்த பிறகு சாயம் போடும் முறையால் நிறம் பற்றிய முடிவைத் தள்ளிப்போட்டது அவர்களின் சாதனை. ஆனால் கடைகள் அவர்களுடையவை அல்ல. முகவர்கள் மூலம் சேர்ந்த தனி முதலாளிகள் பெயர்ப்பலகை மாட்டி, சரக்கை விலைகொடுத்து வாங்கி, விற்காததைத் திருப்பித் தர வழியில்லாமல் நடத்தினார்கள். சொந்தப் பணம் அதிகம் போடாமல் ஆயிரக்கணக்கான கடைகள் எழுந்ததன் ரகசியம் இது. கடைக்காரர் வாங்கியதும் பெனட்டனுக்கு விற்பனை முடிந்தது. வாடிக்கையாளர் வாங்கினாரா என்பது கடைக்காரரின் கவலை. அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகக் கடைகள் முளைத்து, உரிமையாளர்கள் ஒருவரை ஒருவர் தின்ன நேர்ந்தது. வாடிக்கையாளரின் குரல் அத்தனை கைகள் தாண்டித் தலைமையகத்துக்கு வருவதற்குள் ஸாராவின் அடுத்த சரக்கு கடைக்கு வந்துவிட்டிருந்தது. 2024இல், கணக்கில் ஏறத்தாழ பத்துக் கோடி யூரோ ஓட்டை இருப்பதாக வருத்தத்தோடு சொல்லிவிட்டு லூசியானோ பெனட்டன் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

பண்டோராவுக்கு நடந்தது இதன் இன்னும் கூர்மையான வடிவம். 2010இல் கோபன்ஹேகன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது அதன் விற்பனை பாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த விற்பனையில் பெரும்பகுதி, மற்ற கடைக்காரர்களுக்குச் சரக்கு அனுப்பியது. அவர்கள் தட்டுகளில் ஓடாத மணிகள் சேர்ந்துகொண்டே வந்தன. வெள்ளி விலை ஏறியதால் நிறுவனம் விலையையும் ஏற்றியது. ஒரு நாள் கடைக்காரர்கள் புது ஆர்டர் கொடுப்பதைக் குறைத்தார்கள். 2011 ஆகஸ்ட் 2 அன்று நிறுவனம் தன் எதிர்பார்ப்பைக் குறைத்து அறிவித்தது, தலைமை அதிகாரி விலகினார், பங்கு விலை ஒரே நாளில் 65 சதவீதம் விழுந்தது. அடுத்த ஆண்டு பண்டோரா செய்த காரியம் அபூர்வமானது. கடைக்காரர்களிடம் தேங்கிய பழைய மணிகளைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, ஓடும் சரக்கை மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பெரும் செலவானது. ஆனால் தட்டு சுத்தமானதும் கடைக்காரர் மீண்டும் வாங்கினார், நிறுவனம் எழுந்துகொண்டது.

கிளேர்ஸுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் சுமை சரக்கால் வந்ததல்ல, கடனால் வந்தது. 2007இல் அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனம் 310 கோடி டாலருக்கு கிளேர்ஸை வாங்கியது. வாங்கும் பணத்தின் பெரும்பகுதி கடன், அதைக் கட்டும் பொறுப்பு வாங்கப்பட்ட கிளேர்ஸுக்கே. அதுவரை லாபத்தில் ஓடிய, பெரிய கடன் ஏதும் இல்லாத சங்கிலி அது. அதன்பின் காதணி விற்ற பணம் வட்டிக்குப் போனது. கடையைப் புதுப்பிக்க, இணையத்துக்குப் போக, புது டிசைன் செய்ய மிச்சம் இல்லை. மால்களுக்கு வரும் கூட்டமும் குறைந்தது. 2018 மார்ச்சில் ஒரு திவால், 2025 ஆகஸ்டில் இரண்டாவது. அந்த இரண்டாவதில் அதன் வட அமெரிக்க வணிகம் 14 கோடி டாலருக்கு விலை பேசப்பட்டது. அளவு இல்லை, செட் உடையாது, சதுர அடிக்கு நல்ல வருவாய் என்று நான் மேலே அடுக்கிய அத்தனை அனுகூலமும் அந்தக் கடைகளுக்கு இருந்தது. கடன் அதையெல்லாம் தின்றுவிட்டது.

சுமையை மாற்றிவைக்கும் வரிசையில் கடைசியாக இருப்பவர்கள் தைப்பவர்கள். இதை எழுதாமல் இந்தத் தொழிலின் வளர்ச்சியை விளக்க எனக்கு மனம் வரவில்லை. கடை விலையைக் குறைக்க வேண்டும், ஆனால் ஆர்டரைத் தாமதமாகக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் மாற்ற வேண்டும் என்று ஒரு சங்கிலி முடிவெடுத்தால், அந்த அழுத்தம் எங்கோ ஒரு தளத்தில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வேலை நேரமாக மாறுகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளத்து ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொல்லப்பட்டார்கள். இடிபாடுகளுக்கு இடையே பிரைமார்க், பெனட்டன், மாங்கோ என்று பல சங்கிலிகளோடு தொடர்புடைய ஆவணங்களும் லேபிள்களும் கிடைத்தன. அதன்பிறகு கையெழுத்தான பாதுகாப்பு உடன்பாட்டில் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. கட்டடங்களைச் சுயேச்சையான பொறியாளர்கள் சோதித்தார்கள், நிலைமை மேம்பட்டது. அந்தச் சோதனைக்கு 1,134 உயிர் போக வேண்டியிருந்தது என்பதை எந்த ஆண்டறிக்கையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது கடையே இல்லாமல் வளர்ந்த சங்கிலி ஒன்று எல்லோரையும் மிரட்டுகிறது. சீனாவில் பிறந்த ஷீன், ஒரு டிசைனை நூறு, இருநூறு என்று மிகச் சிறிய அளவில் தைத்து இணையத்தில் போட்டுப் பார்க்கிறது. ஓடினால் உடனே கூடுதல் ஆர்டர், ஓடாவிட்டால் அதோடு சரி. ஒர்ட்டேகாவின் யோசனையிலிருந்து கடையைக் கழித்தால் வருவது இதுதான். சிறு பார்சல்களுக்கு அமெரிக்கா அளித்த சுங்கவரி விலக்கும் அதற்குப் பெரிதும் உதவியது. சீனப் பார்சல்களுக்கான அந்தச் சலுகை 2025 மே 2 அன்று முடிவுக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு டிசைனும் குறைவு என்பதால் மொத்தமும் குறைவு என்று ஆகிவிடாது. டிசைன்களே ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருக்கின்றன.

விற்காமல் நின்றதெல்லாம் கடைசியில் எங்கே போகிறது? கொஞ்சம் தள்ளுபடிக்கு, கொஞ்சம் மொத்தமாக வாங்குபவருக்கு, கொஞ்சம் நெருப்புக்கு. பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பரி, 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சொந்தச் சரக்கை அழித்ததாகத் தன் ஆண்டறிக்கையிலேயே எழுதியிருந்தது. மலிவாக விற்றால் பெயரின் மதிப்பு குறையும் என்ற பயம். எதிர்ப்பு கிளம்பியதும் 2018 செப்டம்பரில் அழிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. மற்றவர்கள் எவ்வளவு அழித்தார்கள் என்பது பெரும்பாலும் அவரவர் கிடங்குக்குள்ளேயே இருந்துவிட்டது.

அந்தக் கிடங்கின் கதவைச் சட்டம் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சூழல்-வடிவமைப்பு ஒழுங்குமுறைப்படி, 2026 ஜூலை 19 முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத ஆடைகளையும் ஆடை ஆக்சஸரிகளையும் காலணிகளையும் அழிக்கக் கூடாது. நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 வரை அவகாசம். விற்காத பொருட்களில் எத்தனையைக் கழித்தோம், அவற்றின் எடை எவ்வளவு, ஏன் கழித்தோம் என்பதையும் பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இத்தனை கடை திறந்தோம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் வைத்துப் படிக்கலாம்.